மண் மூடிய பிறகு அளக்காதீர்கள்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஊரணியின் தடுப்புச் சுவர் இரண்டாவது மழைக்கே சாய்ந்துவிட்டது. அடியில் தோண்டிப் பார்த்தோம். செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் அடிமட்டக் கான்கிரீட் 15 செ.மீ. என்று இருந்தது, நாடா 9 செ.மீ. காட்டியது. விரலால் கீறினாலே உதிர்ந்தது. அளவு எழுதியவர் பில் போட வந்தபோது சுவர் எழும்பி, மண்ணும் மூடியிருந்தது. எஸ்டிமேட்டில் இருந்த எண்ணை அப்படியே எடுத்து எழுதிவிட்டார்.

பொதுப்பணி ஒப்பந்தங்களில் நான் கண்ட தவறுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை. அஸ்திவாரம், கம்பிக்கட்டு, குழாய்க்கு அடியில் பரப்பும் மணல் என்று பிறகு கண்ணில் படாத எதையும், அளந்து, தேதியோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே மூட அனுமதிக்க வேண்டும். அளவு பதியாமல் மூடினால் அந்த வேலைக்குப் பணம் கிடையாது என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிறகு ஒப்பந்ததாரரே பொறியாளரைத் தேடி வந்து அளக்கச் சொல்வார்.

கான்கிரீட்டின் வலிமையைப் பார்க்க வார்க்கும் சோதனைக் கட்டிகளை நல்ல கலவையில் தனியாக வார்த்து வைப்பது அடுத்த தவறு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி 20 கன மீட்டர் கான்கிரீட்டுக்கு மூன்று மாதிரிகள், மாதிரிக்கு மூன்று கட்டிகள். அவை தளத்தில் கொட்டும் கலவையிலிருந்தே எடுக்கப்பட வேண்டும்.

தண்ணீர் காட்டுவதில்தான், அதாவது கான்கிரீட் இறுகும் வரை ஈரமாக வைப்பதில்தான், எனக்கு ஆற்றாமை அதிகம். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள். செட்டிநாட்டு வெயிலில் காலையில் நனைத்த சாக்கு மதியத்துக்குள் காய்ந்துவிடும். மார்ச் 31-க்குள் பில் முடிக்கும் அவசரத்தில் இந்த நாட்களைத்தான் முதலில் விழுங்குகிறார்கள். கானாடுகாத்தான் வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் இன்றும் பளபளக்கின்றன. ஒவ்வொரு பூச்சும் இறுகும் வரை காத்திருந்து பூசிய கைகளின் வேலை அது. தண்ணீர் காட்டிய நாட்களின் பதிவேடு இல்லாத பில்லை அனுமதிக்காதீர்கள்.

வேலையில் தெரியும் குறைகளை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும், தளத்தைப் பார்க்காமலே அவரிடம் பிடித்து வைத்த பிணைத்தொகையைத் திருப்பித் தருவதும் வழக்கமாகிவிட்டது. ஒரு மழைக்காலம் முடிந்து, விரிசலும் கசிவும் பார்த்த பிறகே விடுவிக்க வேண்டும். இதில் ஊர் மக்களுக்கும் வழி உண்டு: 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பணியை நேரில் ஆய்வு செய்யவும், சான்றளித்த பொருள் மாதிரி பெறவும் உரிமை தருகிறது. மனுவில் அளவுப் புத்தக நகலோடு இந்த இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள், பிணைத்தொகை கைமாறுவதற்கு முன்பே.