பழைய சிறு விமானத்தின் எரிபொருள் கோளாறு: டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை

பழைய சிறு விமானத்தின் எஞ்சின் திணறத் தொடங்கியதும் பலரும் முதலில் கை வைப்பது பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரில்தான். பெரும்பாலும் அது அவசரப்பட்டுச் செய்யும் வேலை. பெங்களூரில் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். வடிவமைத்து 1958-இல் முதன்முதலாகப் பறந்த புஷ்பக்கின் தலைமுறையைச் சேர்ந்த உயர்இறக்கை விமானங்கள் பலவற்றில் எரிபொருள் பம்ப்பே கிடையாது. உயரத்திலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. வழியில் ஓர் அடைப்பு ஏற்பட்டால் அதை மீறித் தள்ளிவிட எந்த விசையும் இல்லாததால், கார்புரேட்டரின் வாசல் வரை போதிய பெட்ரோல் வருகிறதா என்பதை அளந்து உறுதி செய்த பிறகே அதன் திருகுகளைத் தொட வேண்டும்.

கருவியை எடுப்பதற்கு முன் விமானியிடம் கோளாறு எப்போது, எந்த நிலையில் தோன்றியது என்று கேளுங்கள். முழு விசையில் ஏறும்போது மட்டும் எஞ்சின் தளர்ந்தால் ஓட்டம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். பறக்கத் தொடங்கிச் சற்று நேரம் கழித்து மெல்ல மெல்லத் தளர்ந்தால் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்றை விடும் காற்றுத்துளையைப் பாருங்கள். பெங்களூரின் ஜக்கூர் விமானத்தளத்தில் மார்கழி மாதத்துப் பனிமூட்டம் விலகும் காலைவேளையில் சுழற்சி படிப்படியாகக் குறைந்து, கார்புரேட்டர் வெப்பத்தை (அதற்குள் சூடான காற்றை விடும் அமைப்பை) திறந்ததும் முதலில் இன்னும் மோசமாகிப் பின்னர் சரியானால், அது கார்புரேட்டருக்குள் உறைந்த பனி. தரையிறங்கித் தேடும்போது அது உருகிப் போயிருக்கும். இல்லாத பழுதைத் தேடி எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

வேலையை ஹேங்கருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ அணைந்திருக்க வேண்டும், சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்திருக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோலைப் பிடிக்கும் பாத்திரம் உலோகமாக இருக்கட்டும். அதைக் கம்பியால் விமானத்துடன் இணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் தேங்கும் நிலைமின்சாரம் ஒரு பொறிக்குப் போதும்.

முதல் சோதனை வடிகாலில். டேங்கின் அடியிலிருந்தும், எஞ்சின் தடுப்புச்சுவர் அருகில் தண்ணீரையும் அழுக்கையும் பிடித்து நிறுத்தும் வடிகட்டியான காஸ்கோலேட்டரின் கிண்ணத்திலிருந்தும் தனித்தனியே கண்ணாடிக் குடுவையில் பிடித்து, வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பாருங்கள். விமான பெட்ரோலான 100 எல்.எல். இளநீலமாக இருக்கும், தண்ணீர் அடியில் நிறமற்ற உருண்டையாகவோ படலமாகவோ தங்கும். குடுவை முழுவதும் தண்ணீராகவே இருந்தால் பிரிக்கும் கோடு தெரியாது, ஆகவே கோட்டைத் தேடுவதைவிட நீலத்தைத் தேடுவதே பாதுகாப்பு. ஐப்பசி மழையில் வெளியே நின்ற விமானமென்றால் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தையும் சோதியுங்கள்.

அடுத்தது ஓட்டச் சோதனை. இதில் அவசரம் கூடாது. டேங்கில் குறைந்தபட்ச எரிபொருளை மட்டும் வைத்து, விமானத்தை ஏறும் கோணத்தில் நிறுத்துங்கள்; வால்சக்கர விமானம் தரையில் நிற்பதே அந்தக் கோணத்துக்கு அருகில் வரும், மீதியை முன்சக்கரங்களை உயர்த்திச் சரிசெய்யலாம். கார்புரேட்டருக்குள் நுழையும் குழாயைக் கழற்றி, அதன் முனையைக் கார்புரேட்டர் வாசலின் உயரத்திலேயே பிடித்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். புவியீர்ப்பு முறையில், மேலெழும்பும்போது எஞ்சின் குடிக்கும் அளவின் 150 சதவீதம் வர வேண்டும் என்பது விதி. பம்ப் உள்ள விமானத்துக்கு 125 சதவீதம். எஞ்சின் மணிக்கு 30 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால் குழாய் 45 லிட்டர் தர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 750 மில்லி. அளவு குறைந்தால் டேங்க் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். உடனே ஓட்டம் பெருகினால் குற்றவாளி காற்றுத்துளைதான். சில மாதங்கள் பறக்காமல் நின்ற விமானத்தில் குளவி மண்கூடு கட்டி அதை அடைத்துவிடுவது புதிதல்ல.

மூடியைத் திறந்தும் பெருகாவிட்டால், கீழிருந்து மேலாக ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி அதே அளவை எடுங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் ஓட்டம் சரியாகிறதோ, அதற்கும் முந்தைய இணைப்புக்கும் இடையில்தான் அடைப்பு. காஸ்கோலேட்டர் சல்லடை, எரிபொருள் வழியைத் திறந்து மூடும் தேர்வு வால்வு, டேங்கின் வாயிலிலுள்ள விரல் வடிவச் சல்லடை ஆகிய மூன்றுமே வழக்கமான இடங்கள். பழைய டேங்கின் உட்புறம் கசிவைத் தடுக்கப் பூசிய பூச்சு உரிந்து, வெங்காயத் தோல் போன்ற செதில்களாக விரல் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் நின்றதும் விலகி, ஓடத் தொடங்கியதும் மீண்டும் வந்து அப்பிக்கொள்ளும். வந்து போகும் கோளாறுகளில் இதுவே மிகவும் எரிச்சலூட்டுவது. சல்லடையைக் கழுவுவது தற்காலிகத் தீர்வு. டேங்கை இறக்கிப் பூச்சை முழுவதும் நீக்கியாக வேண்டும்.

சாலையோர பங்க்கில் பெட்ரோல் வாங்கி ஊற்றும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். இன்று இந்தியாவில் அங்கே கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களையும் தக்கை மிதவைகளின் மேல்பூச்சையும் அது கெடுக்கும். யாரோ ஊற்றியிருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால், அளவுக்குழாயில் 10 மில்லி தண்ணீர் விட்டு அதன்மேல் 90 மில்லி பெட்ரோல் சேர்த்துக் குலுக்கி நிற்க விடுங்கள். அடியிலுள்ள நீர் மட்டம் 10-ஐத் தாண்டி உயர்ந்திருந்தால் எத்தனால் இருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்து, எஞ்சின் கரும்புகை விட்டுத் தாழ்சுழற்சியில் தடுமாறினால், முதலில் ப்ரைமர் (எஞ்சினைக் கிளப்பும்போது பெட்ரோலைச் செலுத்தும் கைப்பம்ப்) கைப்பிடி பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டாத ப்ரைமர் வழியாக எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கலவையில் இயல்பாகவே பெட்ரோல் சற்றுச் செறிவாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதன் பிறகே கார்புரேட்டரின் மிதவையும் ஊசி வால்வும். நிறுத்திய விமானத்தின் கார்புரேட்டர் அடியில் நீலக்கறை படிந்திருந்தால் ஊசி சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

மிதவை மட்டத்தைக் கையேட்டின்படி சரிசெய்வது உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளரான ஏ.எம்.இ.யின் பொறுப்பில் நடக்க வேண்டிய வேலை. பழுது நீக்கியதும் இணைப்புகளில் கசிவு பார்த்து, ஓட்ட அளவை மீண்டும் எடுத்து, வாலைக் கட்டி, நின்ற இடத்திலேயே எஞ்சினை முழு விசையில் ஓட்டிப் பாருங்கள். அளவுகளைப் பதிவேட்டில் எழுதி அவரிடம் கையெழுத்துப் பெற்ற பிறகே விமானம் மேலே போகலாம். முதல் பறத்தல் முடிந்து இறங்கியதும் காஸ்கோலேட்டர் கிண்ணத்தை இன்னொரு முறை கழற்றிப் பாருங்கள்.