திரவ உலோகத்தில் காந்த அலை: சிக்னல் வந்ததும் அலை என்று எழுதிவிடாதீர்கள்

சென்னைக் கல்லூரிகளில் இயற்பியல் முதுகலை படிப்பவர்கள் புராஜெக்ட் தலைப்பு தேடும்போது ஆல்ஃப்வேன் அலையைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு மகிழ்ச்சிதான். 1942-இல் ஸ்வீடனின் ஹானஸ் ஆல்ஃப்வேன் கணக்குப் போட்டுச் சொன்னது இது. மின்சாரம் கடத்தும் திரவத்தில் காந்தப்புலம் ஊடுருவி நின்றால், புலக்கோடுகள் முறுக்கேற்றிய வீணைத் தந்தி போல நடந்துகொள்ளும். ஓரிடத்தில் அசைத்தால் அசைவு கோட்டின் வழியே ஓடும். 1949-இல் லுண்ட்க்விஸ்ட் பாதரசத்திலும், 1954-இல் லேனர்ட் சோடியத்திலும் இதைச் சோதித்தார்கள். இருவருக்கும் கிடைத்தது வேகமாகத் தேய்ந்துபோகிற அலைதான். அந்தத் தேய்வைக் கணக்கில் எடுக்காமல் இறங்குவதுதான் முதல் தவறு.

ஹால் எஃபெக்ட் பரிசோதனைக்கு வைத்திருக்கும் மின்காந்தம் லேபில் இருக்கிறது, அதில் ஒரு பாத்திரத்தை வைத்துவிடலாம் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். அதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். அலையின் வேகம் புலத்தின் வலிமைக்கு நேர்விகிதத்திலும், அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். 1 டெஸ்லா புலத்தில் பாதரசத்தில் நொடிக்கு 7.7 மீட்டர், கேலின்ஸ்டானில் (கேலியம், இண்டியம், வெள்ளீயம் சேர்ந்த திரவக் கலவை) சுமார் 11 மீட்டர், சோடியத்தில் சுமார் 29 மீட்டர். இந்த வேகத்தைப் பாத்திரத்தின் நீளத்தால் பெருக்கி, உலோகத்தின் காந்தப் பரவல் கெழுவால் (காந்தப்புலம் அதற்குள் எவ்வளவு வேகமாகப் பரவித் தேய்கிறது என்பதன் அளவு) வகுத்தால் வருவது லுண்ட்க்விஸ்ட் எண். அது 1-ஐ விட நன்றாகப் பெரிதாக இருந்தால்தான் அலை கண்ணில் படும். 10 செ.மீ. பாத்திரத்தில் 1 டெஸ்லாவுக்குப் பாதரசத்தில் அது 1 அளவில் நிற்கும், கேலின்ஸ்டானில் 4 அல்லது 5 வரும். புலம் 0.1 டெஸ்லாதான் என்றால் கேலின்ஸ்டானிலேயே அரைக்கும் கீழே போய்விடும். அங்கே எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அலை வராது. இன்னொன்று, மின்காந்தத்தின் மேல் எழுதியிருக்கும் 1 டெஸ்லா குறுகிய இடைவெளிக்கானது. பாத்திரம் நுழையும் அளவுக்கு முனைகளை விலக்கினால் புலம் வெகுவாக விழும். விலக்கியபின் காஸ் மீட்டரால் அளந்து, அந்த எண்ணைக் கணக்கில் போடுங்கள்.

சரி, எண் திருப்தியாக இருக்கிறது, பாத்திரத்தின் ஒரு முனையில் வைத்த காயிலில் மின் துடிப்பு கொடுத்தாயிற்று, மறுமுனையில் உள்ள உணர்காயிலில் சிக்னல் கொஞ்சம் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதத்தை வைத்து வேகம் கண்டுபிடித்து, அலை என்று எழுதிவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். மின்காந்தத்தின் நிலைப்புலமே இல்லாவிட்டாலும் தாமதம் வரும். துடிப்பு உண்டாக்கும் காந்தப்புலம் உலோகத்துக்குள் மெல்லப் பரவி ஊடுருவ நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அலையையும் பரவலையும் பிரிக்க நேரடியான வழி இருக்கிறது: நிலைப்புலத்தை மாற்றிப் பாருங்கள். கேலின்ஸ்டானில் 10 செ.மீ. கடக்க 1 டெஸ்லாவில் சுமார் 9 மில்லிநொடி ஆகும் என்றால், 0.5 டெஸ்லாவில் சுமார் 18 ஆக வேண்டும். தேய்வு அதிகமாக இருப்பதால் எண்கள் துல்லியமாக இரட்டிக்காமல் போகலாம், ஆனால் போக்கு தெளிவாகத் தெரிய வேண்டும். புலத்தை என்ன செய்தாலும் தாமதம் அசையவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது பரவலை.

புலம் பூஜ்யமாக இருக்கும்போது எடுத்த வரைபடத்தையும் கண்டிப்பாகப் பதிந்துவையுங்கள். துடிப்புக் காயிலுக்கும் உணர்காயிலுக்கும் இடையே நேரடித் தூண்டல் எப்போதும் இருக்கும். அதைக் கழித்தால்தான் மிச்சத்தைப் பற்றிப் பேச முடியும். இரண்டாவது உணர்காயில் ஒன்றை அதே புலக்கோட்டில் வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். ஆல்ஃப்வேன் அலை கோட்டின் வழியே போவது, குறுக்கே போகாது. இரண்டு காயிலிலும் ஒரே சிக்னல் வந்தால் அது அலையாக இருக்க வாய்ப்பில்லை.

ரிச்சி தெருவில் வாங்கிய வயரை அப்படியே இழுத்துவிடாமல் இரண்டிரண்டாக முறுக்குங்கள். துடிப்பின் அதிர்வெண்ணாக 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் வேண்டாம், மின்சார வாரியத்தின் ஹம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதற்காக அதிர்வெண்ணை ஏகத்துக்கும் ஏற்றினால் அலை பாதி வழியிலேயே தேய்ந்துவிடும்.

துடிப்புக் காயில் நிலைப்புலத்துக்குள் இருந்தால் அதன் மீதே விசை விழுந்து மேசை அதிரும். அந்த அதிர்வு உலோகத்தில் ஒலியாகப் போய்ச் சேரும். கேலியத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு 2,800 மீட்டருக்கு மேல், அதனால் கிட்டத்தட்டத் தாமதமே இல்லாமல் வரும் சிக்னல் முகட்டைச் சந்தேகியுங்கள்.

அப்புறம் உலோகம். பாதரசம் வேண்டவே வேண்டாம். காற்றோட்டமில்லாத அறையில், அதுவும் சென்னை வெயிலில், அதன் ஆவி ஆபத்து. சோடியம் எண்களில் மிக அழகாக இருக்கிறது, கல்பாக்கத்தின் வேக ஈனுலைகளில் குளிர்விப்பானாக இருப்பதும் அதுதான். ஆனால் அங்கே அதற்கென்றே ஆர்கான் வாயு மூட்டமும் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், கல்லூரி லேபில் அதைத் திறக்க நினைக்கவே கூடாது. மிஞ்சுவது கேலியமும் அதன் கலவைகளும். தூய கேலியம் 29.8 டிகிரியில் உருகும். மே மாதத்தில் ஜன்னலோரம் வைத்தாலே திரவமாகிவிடும், ஏ.சி. அறையில் திரும்பக் கெட்டிப்படலாம். கெட்டிப்படும்போது சுமார் 3 சதவீதம் விரிவதால் முழுக்க நிரப்பிய கண்ணாடிக் குப்பி விரிசல்விடும். பிளாஸ்டிக் குப்பியில், மேலே இடம் விட்டு வையுங்கள். கேலின்ஸ்டான் என்றால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டையுமே அலுமினியத்தின் அருகில் கொண்டுபோகாதீர்கள். கேலியம் அலுமினியத்தின் உள்ளே புகுந்து அதை நொறுங்க வைத்துவிடும், ஸ்டாண்டும் அதில் அடக்கம்.

அறிக்கை எழுதும்போது, இந்த அலையை வைத்துச் சூரிய ஒளிவட்டத்தின் லட்சக்கணக்கான டிகிரி வெப்பத்தை விளக்கிவிட்டதாக எழுத வேண்டாம். அங்கே லுண்ட்க்விஸ்ட் எண் லட்சம் கோடியைத் தொடும், உங்களுடையது 5. ஜெர்மனியின் டிரெஸ்டனில் 54 டெஸ்லாவையும் தாண்டிய துடிப்புப் புலத்தில் உருகிய ருபிடியத்தை வைத்து, ஆல்ஃப்வேன் வேகம் ஒலியின் வேகத்தை எட்டும் இடத்தைக் கடந்து பார்த்தார்கள். 2021-இல் வெளியான அந்த வேலைக்கே சூரியனின் ஒரு சிறு பகுதியைப் புரிந்துகொள்வதுதான் இலக்கு. உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் லுண்ட்க்விஸ்ட் எண்ணைப் போடுங்கள். அடுத்த பக்கத்தில் பூஜ்யப் புல வரைபடத்தையும், புலம் மாற மாறத் தாமதம் நகர்ந்த வரைபடத்தையும் ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.