லுகேமியா சிகிச்சையில் முதியவர்களின் கால் பலத்தைப் பறிக்கும் தவறுகள்

லுகேமியா ரத்தப் புற்றுநோய், நோய் இருப்பது ரத்தத்தில். ஆனால் எழுபது வயதுக்காரர் ஒருவர் கீமோ முடிந்து வீடு திரும்பும்போது முதலில் கைவிடுவது தொடைதான். கழிப்பறையில் உட்கார்ந்தவரால் எழ முடிவதில்லை. மருந்தின் மேல் பழி போடுகிறோம். பாதிப் பழி படுக்கைக்குச் சேர வேண்டியது.

“உடம்பு தேறட்டும், அப்புறம் நடக்கலாம்”

இதுதான் பெரிய தவறு. தீவிர கீமோ என்றால் சுமார் நான்கு வாரம் வார்டில் இருக்க வேண்டும். நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்தது. இதோடு காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கரையும். தவிர, கீமோ களைப்பு சாதாரணக் களைப்பு போன்றதல்ல. தூங்கி எழுந்தாலும் போகாது. அளவான நடமாட்டம்தான் அதைக் குறைக்கிறது.

மூன்று வேளை உணவையும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். ஒரேயடியாக அரை மணி நேரம் நடப்பதைவிட, ஐந்து பத்து நிமிடமாக நான்கு முறை நடப்பது மேல். தனி அறையைவிட்டு வெளியே வர அனுமதி இல்லையென்றால், கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கலாம்.

கூட இருப்பவர்களின் பாசமும் இங்கே இடைஞ்சல்தான். ஊட்டிவிடுவது, சட்டை மாட்டிவிடுவது, தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுப்பது எல்லாம் அவர் இன்னும் செய்யக்கூடிய வேலைகள். மெதுவாகச் செய்தாலும் அவரே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

தொடக்கத்தில் அளந்து வைக்காதது

எவ்வளவு இழந்தோம் என்பது எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் புரியும். முதல் கீமோவுக்கு முன்பே ஐந்து முறை எழுந்து உட்காரும் சோதனையைச் செய்துவிடுங்கள். கைப்பிடி இல்லாத, சாதாரண உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதங்கள் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து முழுதாக உட்கார வேண்டும். ஐந்தாவது முறை நிமிர்ந்து நிற்கும்போது கடிகாரத்தை நிறுத்துங்கள். 15 வினாடிக்கு மேல் போனாலோ, கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டாலோ, தொடை பலவீனமாக இருக்கிறது. அடுத்து, வழக்கமான நடையில் 4 மீட்டர். இதற்கு 5 வினாடிக்கு மேல் ஆனால் அதுவும் எச்சரிக்கைதான். இரண்டையும் தேதி போட்டு எழுதி, ஒவ்வொரு கீமோ சுற்றுக்கு முன்பும் திரும்ப அளந்து மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு தீவிரமான மருந்தை உடல் தாங்கும் என்று முடிவெடுக்க, வயதைவிட இந்த எண்கள் பல நேரம் உதவும்.

ரிப்போர்ட்டைப் பார்க்காமல் செய்வது, பார்த்துப் பயந்து நிறுத்துவது

இரண்டும் தவறு. ரத்த ரிப்போர்ட்டில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 50,000-க்கு மேல் இருந்தால் ரப்பர் பட்டையை இழுப்பது, லேசான எடை தூக்குவது எல்லாம் பொதுவாகச் செய்யலாம். 20,000-க்குக் கீழே போனால் எடையும் பட்டையும் வேண்டாம். மெல்ல நடப்பது, உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்குவது போதும். 10,000-க்குக் கீழே என்றால் அன்றைக்குக் கழிப்பறை, நாற்காலி அளவோடு நிறுத்திக்கொண்டு மருத்துவரைக் கேளுங்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும். உங்கள் மருத்துவர் சொல்வதே கணக்கு. எந்தப் பயிற்சியிலும் மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது, ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல், புதிதாக ரத்தக்கசிவு வந்தாலும் அப்படியே.

ஸ்டீராய்டையும் வின்கிரிஸ்டினையும் மறப்பது

லிம்போபிளாஸ்டிக் வகை லுகேமியாவில் ஸ்டீராய்டும், வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசியும் சேர்ந்தே வருவது வழக்கம். ஸ்டீராய்டு தொடை, இடுப்புத் தசையை அரிக்கும். படி ஏறுவதும் நாற்காலியிலிருந்து எழுவதும்தான் முதலில் கடினமாகும். வின்கிரிஸ்டின் நரம்பைத் தாக்கும். பாதம் மரத்து, முன்பாதம் தூக்க வராமல் தரையில் உரசும். செருப்பு அடிக்கடி தடுக்குகிறது என்று அவர் சொன்னால் வயசு என்று தள்ளாமல் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தளவை மாற்றலாமா, பாதத்துக்குத் தாங்கி வேண்டுமா என்று மருத்துவர் பார்ப்பார். நீங்களாக ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

கஞ்சியோடு நிறுத்துவது

நடந்தால் மட்டும் சதை வராது, புரதம் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்பதிலிருந்தே கஞ்சியும் ரொட்டியும் எவ்வளவு போதாது என்று தெரியும். ஒரே வேளையில் திணிக்காமல் பிரித்துக் கொடுங்கள், முட்டையை நன்றாக வேகவையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரிப் ஸ்டாண்டை ஊன்றுகோலாக்குவது

அதற்குச் சக்கரம் இருக்கிறது, சாய்ந்தால் அது ஓடும். பிடிமானம் வேண்டுமென்றால் வாக்கர் கேளுங்கள், ஸ்டாண்டை இன்னொருவர் தள்ளட்டும். இரவில் விழாமல் இருக்கக் கூடுதல் கவனம் வேண்டும். டிரிப் ஏறுவதால் சிறுநீர் அடிக்கடி முட்டும், தூக்க மருந்தோ அலர்ஜி மருந்தோ கண்ணைச் சொருகும், எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கும். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் ஆட்டி, பிறகு எழ வேண்டும். குதிகாலை மூடும் ஷூ போடட்டும், தளர்ந்த செருப்பு வேண்டாம்.

அப்படியும் விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லை, காயம் இல்லை என்று காலைவரை காத்திருக்காதீர்கள். பிளேட்லெட் குறைந்தவருக்கு மண்டைக்குள் கசியும் ரத்தம் வெளியே தெரியாது. அந்த நிமிடமே நர்ஸை எழுப்புங்கள். வீட்டில் என்றால் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள், கடைசி ரத்த ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.