பெரிய பைக் வாங்குகிறீர்களா? கொட்டேஷன் தாளை என்னிடம் காட்டுங்கள்

பாண்டியில் ஒரு இருசக்கர வாகன ஷோரூமில் பில்லிங் கவுண்டரில் சில வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். எந்த ஷோரூம் என்பது வேண்டாம். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேறு கணக்கு வேலை. ஆனாலும் சொந்தத்தில் யாராவது மூன்று லட்சத்துக்குப் பைக் எடுக்கக் கிளம்பினால், "அக்கா, இது சரியா இருக்கா பாருங்க" என்று கொட்டேஷன் போட்டோ என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

வண்டியை விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் குறைவு. இன்ஷூரன்ஸ், லோன், ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, இவற்றில்தான் அவருக்குக் காசு. "எக்ஸ்-ஷோரூம் விலையில் எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டால் கையை விரிப்பார்கள். எக்ஸ்-ஷோரூம் என்பது சாலை வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் சேர்க்காத வண்டி விலை. அவர்கள் கையை விரிப்பது பொய்யும் இல்லை. பேரம் நடக்க வேண்டியது அந்த விலைக்குக் கீழே எழுதியிருக்கிற அயிட்டங்களில்.

அதற்கு முன்னால், எந்த வண்டி என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். ஏசி ரூமில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும்போது எல்லா வண்டியும் அழகுதான். நீங்கள் ஓட்டப்போவது தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக மரப்பாலம் சிக்னலில் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டு. சித்திரை வெயிலில் பெரிய இன்ஜினின் சூடு முழங்காலுக்குக் கீழே எப்படி ஏறும் என்பதை மாலை ஆறு மணி டெஸ்ட் ரைடில் கண்டுபிடிக்க முடியாது. மத்தியானம் போய்க் கேளுங்கள். பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு விட்டுவிட்டு "எப்படி சார்?" என்பார்கள். வேகத்தடை, குண்டும் குழியுமான தெரு, ஒரு யூ-டர்ன் எல்லாம் இருக்கிற வழியாகப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எடையை யாரும் கேட்பதே இல்லை. ட்ரையம்ஃப் ஸ்பீட் 400-இன் எடை 180 கிலோவுக்குள், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ, அதே கம்பெனியின் சூப்பர் மீட்டியோர் 650-இன் எடை 241 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. வாசல் சாய்வில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி ஏற்றும்போதுதான் தெரியும். சீட் உயரமும் அப்படித்தான். ஐந்தடி இரண்டங்குலம் இருக்கிற எனக்கு 825 மில்லிமீட்டர் சீட் உள்ள ஹிமாலயனில் கால் விரல் நுனிதான் தரையில் படும். 740 மில்லிமீட்டர் உள்ள சூப்பர் மீட்டியோரில் பாதம் முழுதாக ஊன்றும். ஆனால் அந்த 241 கிலோவை என்னால் தள்ள முடியாது. உங்கள் கால், உங்கள் தோள், உங்கள் வீட்டு வாசல் மூன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். சில பிராண்டுகளுக்கு முறையான சர்வீஸ் வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். கடலூரிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். ஆயில் மாற்றுவதற்கு ஒரு நாள் லீவு போட முடியுமா என்று யோசியுங்கள். கிளட்ச் கேபிள், பிரேக் பேட், முன் ஃபோர்க் ஆயில் சீல் இந்த மூன்றும் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று சேல்ஸ் ஆளிடம் கேட்காமல் பின்பக்கம் ஸ்பேர்ஸ் கவுண்டரில் போய்க் கேளுங்கள். அங்கே உண்மை பேசுவார்கள். அவர்களுக்கு உங்களிடம் விற்க வேண்டிய டார்கெட் கிடையாது.

இன்னொன்று, 350 சிசி என்கிற எல்லைக்கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேலே போனால் 40 சதவீதம். 349 சிசி ராயல் என்ஃபீல்டும் 398 சிசி ட்ரையம்ஃபும் பார்க்க ஒரே தரத்து வண்டிகள். வரியில் இரண்டும் வேறு வேறு உலகம். தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸிலும், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டிலும், இதே கோடுதான். 2022-ல் அறிவித்த கட்டணப்படி புது வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு 150-லிருந்து 350 சிசி வரை 7,365 ரூபாய், 350-க்கு மேல் 15,117 ரூபாய். இதற்கு மேல் ஜிஎஸ்டி தனி. அதற்காகப் பெரிய இன்ஜின் வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான்.

சரி, இப்போது கொட்டேஷன் தாளுக்கு வருவோம்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டாக்குமெண்டேஷன், ஃபெசிலிட்டேஷன் என்று பல பெயரில் ஒரு தொகை இருக்கும். தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் வரை வண்டி வந்து சேர்கிற செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. பிறகு இது எதற்கு? "எந்த சர்வீஸுக்கு இந்தத் தொகை, ஜிஎஸ்டி பில்லில் என்ன பெயரில் போடுவீங்க?" என்று எழுத்தில் கேளுங்கள். என் கவுண்டரில் இப்படிக் கேட்டவர்களுக்கு மேனேஜர் வந்து அந்த அயிட்டத்தை அடித்துவிட்டுப் போவார். கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போவார்கள். ஹெச்எஸ்ஆர்பி எனும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்குத் தனியாகக் காசு கேட்டாலும் இதே கேள்விதான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு அந்த பிளேட்டின் விலை வண்டி விலையிலேயே அடக்கம்.

"பேசிக் கிட் கம்பல்சரி" என்பார்கள். கிராஷ் கார்டு, புடவை கார்டு, டேங்க் பேட், டெஃப்லான் கோட்டிங். புடவை கார்டு விஷயத்தில் மத்திய மோட்டார் வாகன விதி 123 தெளிவாக இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குப் பிடிமானம், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியை மறைக்கிற தடுப்பு (புடவை கார்டு இதுதான்), இந்த மூன்றும் வண்டியோடு வர வேண்டியவை. கழற்றி வைத்துவிட்டு ஆக்சஸரி என்று விற்கக் கூடாது. ஹெல்மெட் வழங்குவதும் விதி 138-ல் இருக்கிறது. டெஃப்லான் கோட்டிங்கைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நல்ல பாலிஷ் டப்பா கடையில் கிடைக்கும்.

இன்ஷூரன்ஸில்தான் நிதானம் வேண்டும். டீலர் கொடுக்கும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிப்படி உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. "வெளியே எடுத்தா கேஷ்லெஸ் வராது மேடம்" என்ற வசனத்தை நானே பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கேட்டிருக்கிறேன். கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேராக ஒர்க்ஷாப்புக்குக் கட்டுவது, அந்த இருவருக்கும் உள்ள ஒப்பந்தம். கம்பெனியின் கேரேஜ் பட்டியலில் உங்கள் சர்வீஸ் சென்டர் பெயர் இருந்தால் கிடைக்கும். அதே ஐடிவி (வண்டி முழுதாகப் போனால் கிடைக்கிற காப்பீட்டு மதிப்பு), அதே ஆட்-ஆன் (கூடுதல் காசுக்குச் சேர்க்கும் பாதுகாப்பு) போட்டு ஆன்லைனில் ஒரு விலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் டீலரே இறங்கி வருவார். ஐடிவி புது வண்டிக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்க வேண்டும். அதைக் குறைத்துப் போட்டு பிரீமியம் மலிவு என்று காட்டுவதும் உண்டு. சொந்த விபத்துக் காப்பீடு 15 லட்சத்துக்கு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் மறுபடி கட்டத் தேவையில்லை. அப்புறம், ஐந்து வருஷம் என்பது தேர்டு பார்ட்டிக்கு மட்டும். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். "அஞ்சு வருஷத்துக்குக் கட்டியாச்சே" என்று நிம்மதியாக இருந்துவிட்டு இரண்டாம் வருஷம் விபத்தில் மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஆட்-ஆன்களில் எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள். நம் ஊருக்கு இன்ஜின் புரொடெக்ஷன் வேண்டும் என்பது என் கட்சி. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரிலும் தெருக்கள் மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசியில் அந்தச் செலவு வராது.

அடுத்து, கடலூர்க்காரர்களுக்கென்றே உள்ள ஒரு வலை. "தமிழ்நாட்டில் டேக்ஸ் ஜாஸ்தி, பாண்டி அட்ரஸ் போட்டுக்கலாம், நாங்களே ரெடி பண்றோம்." 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புது இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 12 சதவீதம். மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கு 36,000 ரூபாய். புதுச்சேரியில் இதைவிடக் குறைவு, அதனால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் குடியிருக்கும், அல்லது தொழில் நடத்தும், வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 40. பொய்யான விவரம் கொடுத்து வாங்கிய பதிவை ரத்து செய்ய பிரிவு 55 இடம் கொடுக்கிறது. 2017-ல் கேரளத்துச் சொகுசுக் கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவாகி, வழக்கு வரை போனது நினைவிருக்கலாம். "ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பாட்டிலைத்தான் பார்ப்பாங்க, ஆர்சியைப் பார்க்க மாட்டாங்க" என்று சேல்ஸ் தம்பி சிரித்துக்கொண்டே சொல்வான். அவன் பெயர் ஆர்சியில் இல்லை, உங்கள் பெயர் இருக்கிறது. பாண்டியில் வாங்குவதில் தப்பே இல்லை. தற்காலிகப் பதிவு போட்டு எடுத்து வந்து, கடலூர் ஆர்டிஓவில் வரி கட்டி டிஎன்-31 வாங்கிக்கொள்ளுங்கள். பாண்டியில் உண்மையாகவே குடியிருந்தால் பிஒய்-01 எடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

லோன் கவுண்டரில் "எட்டு பர்சென்ட்தான்" என்றால் ஃபிளாட்டா, ரெடியூசிங்கா என்று கேளுங்கள். ஃபிளாட் என்றால் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி, ரெடியூசிங் என்றால் கட்டக் கட்டக் குறைகிற அசலுக்கு மட்டும் வட்டி. இரண்டு லட்சம், மூன்று வருஷம், எட்டு சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி 48,000, மாதத் தவணை 6,889 ரூபாய். குறைகிற அசலுக்கு வட்டி என்று கணக்குப் போட்டால் இது கிட்டத்தட்ட பதினான்கரை சதவீதம். 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் கொடுப்பவர் முக்கிய விவர அறிக்கை ஒன்று தர வேண்டும். அதில் எல்லாக் கட்டணமும் சேர்த்த வருடாந்திரச் சதவீதம் இருக்கும். அந்த ஒரு எண்ணை உங்கள் பேங்க் சொல்கிற எண்ணோடு ஒப்பிட்டால் போதும். "லோன் எங்ககிட்ட எடுத்தாத்தான் டெலிவரி சீக்கிரம்" என்பதெல்லாம் கமிஷன் பேச்சு.

நேரம் பார்த்துப் போவதும் முக்கியம். ஆடியில் ஷோரூம் காற்று வாங்கும். சாமி கும்பிட்டு ஆவணியில் எடுப்பவர்கள்கூட ஆடியிலேயே விலை பேசி முடித்துவிடலாம், டெலிவரியைத் தள்ளிப் போடலாம். ஆயுத பூஜை வாரத்தில் போய்ப் பேரம் பேசினால் உங்களை ஏறெடுத்துப் பார்க்க ஆள் இருக்காது. மாதக் கடைசி இரண்டு நாள் டார்கெட் நெருக்கடி அவர்களுக்கு, உங்களுக்கு இல்லை. "இந்தக் கலர் கடைசிப் பீஸ், இன்னிக்கே புக் பண்ணுங்க" என்றால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிடுங்கள். டிசம்பரில் தள்ளுபடி நிஜமாகவே கிடைக்கும், ஆனால் ஜனவரியில் அது போன வருஷ வண்டி. நான்கைந்து வருஷத்தில் விற்கிற எண்ணம் உண்டென்றால் அந்தத் தள்ளுபடியைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

அட்வான்ஸை ஷோரூம் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். சேல்ஸ் ஆளின் ஜிபேவுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். ரசீதில் மாடல், வேரியண்ட், கலர், பேசிய மொத்தத் தொகை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பது இருக்கட்டும்.

பதிவுக்கு அனுப்புவதற்கு முன்பு வண்டியைப் பார்க்க வேண்டும். பதிவான பிறகு கண்டுபிடிக்கும் கீறலுக்கு மதிப்பு இல்லை. சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் தாளோடு ஒப்பிடுங்கள். படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றிதழில், தயாரான மாதமும் வருஷமும் இருக்கும். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். கடற்கரை ஊர் குடோனில் மாதக்கணக்கில் நின்ற வண்டி போல்ட் தலையிலும் செயினிலும் ஸ்போக்கிலும் லேசாகத் துரு காட்டும். மழை வெள்ளக் காலத்துக்குப் பிறகு வாங்கினால் சீட்டைக் கழற்றி பேட்டரி பெட்டி ஓரத்தில் சேறு படிந்த தடம் இருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சேல்ஸ் ஆள் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். டெலிவரி நாளில் கேக், சால்வை, போட்டோ எல்லாம் நடக்கும். அந்தச் சந்தடிக்கு முன்னால் இன்வாய்ஸ், பாலிசி, இரண்டு சாவி, வாரண்டி புத்தகம் நான்கையும் பைக்குள் வைத்துவிடுங்கள். மணக்குள விநாயகர் கோயிலில் பூஜை போட அதற்குப் பிறகு போகலாம்.

பேசியதற்கு மாறாகப் பில் போட்டால் முதலில் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், டீலருக்கு நகல் வையுங்கள். அதிலேயே பாதி முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்றும் இல்லை. முதல் நாள் வந்த கொட்டேஷன் போட்டோவை மட்டும் வாட்ஸ்அப்பிலிருந்து அழித்துவிடாதீர்கள்.