போர்டு மறுத்த இயலாமை ஓய்வூதியம்: முறையீடு செய்வது எப்படி?

ராணுவத்தில் நல்ல உடம்போடு சேர்ந்தவர், ரத்த அழுத்தமோ காது மந்தமோ முதுகுவலியோ வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். ஓய்வு பெறும்போது உடல்நிலையைச் சோதிக்கும் மருத்துவர் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டு "நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை" என்று எழுதி, இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. இந்த விளக்கம் 21-9-2023-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு. அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு விதிகள் வேறு.

1. போர்டு அறிக்கையைக் கையில் வாங்குங்கள்

ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவம் அது. இல்லையென்றால் உங்கள் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன்) தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். முதலில் அதில் போட்டிருக்கும் இயலாமை சதவீதத்தைப் பாருங்கள். பொதுவாக 20 சதவீதமாவது இருந்தால்தான் கோரலாம்.

2. மறுப்புக்கான காரணத்துக்குப் பதில் எழுதுங்கள்

முழு வழக்கும் இங்கேதான் நிற்கிறது. பல படிவங்களில் "அமைதிப் பகுதியில் (எல்லை, போர்முனை அல்லாத ஊரில்) இருந்தபோது தொடங்கியது" என்று ஒரே வரிதான் இருக்கும். அந்த ஊரிலும் அவர் பணியில்தான் இருந்தார். அங்கே செய்த வேலை, இரவுக் காவல், அதற்கு முன் இருந்த எல்லைப் பணி எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக எழுதுங்கள். பீரங்கிப் படைக்காரருக்குக் காது பிரச்சினை என்றால், எந்த ஆண்டு முதல் கேட்புத் திறன் குறைந்தது என்பதைப் பழைய மருத்துவப் பதிவுகளிலிருந்து காட்டுங்கள். "கஷ்டப்பட்டேன்" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது.

தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள்: சேரும்போது மருத்துவப் பதிவில் அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், மாறாக நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. சேர்ந்தபோது தகுதியானவர் என்று எழுதிய பக்கத்தின் நகல் அதனால்தான் அவ்வளவு முக்கியம்.

3. அனுப்புங்கள்

மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் முறையீடு. பதிவுத் தபாலில், ஒப்புகையோடு. அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது முறையீடு. அடுத்து சென்னையில் உள்ள ஆயுதப்படை தீர்ப்பாயம். வருடங்கள் கடந்துவிட்டாலும் போகலாம்; ஆனால் நிலுவைத் தொகையைப் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு மட்டுமே தருவார்கள், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள்.

4. சிகிச்சையை நிறுத்தாதீர்கள்

ஓய்வூதியத் தகராறு வேறு, வைத்தியம் வேறு. ஓய்வூதியம் பெறுபவர், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையோடு அத்திட்டத்தின் பாலிகிளினிக் போகலாம். அங்கிருந்து பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்கள். அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்தால், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். தவறினால் பில் தொகையைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. தூக்கமின்மை, திடீர்க் கோபம், பழைய சண்டை நினைவுகள் இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வொரு சீட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். மறு பரிசோதனை கேட்கும் நாளில் அதைத்தான் போர்டு முன் வைக்க வேண்டும்.