ஆர்லாண்டோ பயணத்தின் நடுவில் ஹோட்டல் மாற்றலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்லாண்டோவுக்கு ஒரு வாரம் குடும்பத்தோடு போகிறவர்கள் வீட்டில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "முதல் நாலு நாள் டிஸ்னி பக்கம் தங்கிட்டு, அப்புறம் யுனிவர்சல் பக்கம் மாறிக்கலாமா?" 2025 மே 22 அன்று யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸ் என்ற புதிய பார்க் திறந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் பலமாகிவிட்டது. டிஸ்னியின் நான்கு பார்க்குகள் ஒரு பக்கம், யுனிவர்சலின் பார்க்குகள் இன்னொரு பக்கம். நடுவில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், அதுவும் நெரிசலுக்குப் பேர்போன ஐ-4 நெடுஞ்சாலை. மாறலாம் என்ற எண்ணம் வருவது நியாயம்தான்.

மாறுவதில் தப்பில்லை. ஆனால் எதற்காக மாறுகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாதவர்கள் மாறாமல் இருப்பதே நல்லது. "அங்கேயும் ஒரு தடவை தங்கிப் பார்க்கலாமே" என்பது குழந்தைகளோடு போகும் பயணத்தில் போதுமான காரணம் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

வாடகையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இரண்டாவது ஹோட்டல் ஒரு இரவுக்கு 50 டாலர் குறைவு, மூன்று இரவுக்கு 150 மிச்சம் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. மாறும் நாளில் கரையும் நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை.

டிஸ்னி ஹோட்டல்களில் காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். புதிய அறை கிடைப்பது பிற்பகல் 3 மணிக்கு. யுனிவர்சல் ஹோட்டல்களில் அது 4 மணி. முதல் நாள் இரவே பெட்டி கட்ட வேண்டும். காலையில் குளியலறையில் காயப்போட்ட நீச்சல் உடை, சார்ஜர், ஃபிரிட்ஜில் வைத்த பால், கட்டிலுக்கு அடியில் போன பொம்மை எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். பிறகு ஒரு பயணம், ஒரு வரிசை, ஒரு காத்திருப்பு. பெரியவர்கள் மட்டும் என்றால் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். நாலு வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் கூட இருந்தால் அரை நாள் போய்விடும்.

அந்த அரை நாளின் விலை என்ன? டிஸ்னியில் ஒரு நாள் டிக்கெட் ஒருவருக்கு 100 டாலரைத் தாண்டும். பல நாள் டிக்கெட்டில் சராசரி குறையும் என்றாலும், நான்கு பேரின் அரை நாளைக் கூட்டினால் அறை வாடகையில் மிச்சம் பிடித்தது இருந்த இடம் தெரியாது.

அதனால் மாறும் நாளை டிக்கெட் இல்லாத நாளாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளம்பி, பெட்டிகளைப் புதிய ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு, நீச்சல் குளத்தில் இறங்கிவிடலாம். பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் அறை தயாராகும் முன்பே செக்-இன் செய்துகொண்டு குளத்தைப் பயன்படுத்த விடுவார்கள். இல்லையென்றால் கடைகளும் உணவகங்களும் உள்ள டிஸ்னி ஸ்பிரிங்ஸ் போகலாம். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, அடுக்கு வாகன நிறுத்தமும் இலவசம். நடுவில் ஒரு ஓய்வு நாள் எப்படியும் தேவை. அந்த நாளோடு இந்த வேலையைச் சேர்த்துவிட்டால் மாறுவதன் செலவு பாதியாகக் குறைந்துவிடும். டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்குக்குப் போகும் நாளிலேயே ஹோட்டலும் மாற்றுவது என்று போட்டால், இரண்டுமே உருப்படாது.

சலுகை எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பார்க்காமல் இருப்பது

டிஸ்னி ஹோட்டலில் தங்குவோருக்கு இரண்டு பெரிய சலுகைகள் உண்டு. ஒன்று, எல்லா நாளும் எந்தப் பார்க்கிலும் 30 நிமிடம் முன்னதாக உள்ளே போகலாம். செக்-இன் நாளுக்கும் செக்-அவுட் நாளுக்கும் சேர்த்தே இது பொருந்தும் என்பதால், மாறும் நாளில்கூட வீணாகாது. இன்னொன்று லைட்னிங் லேன், அதாவது பணம் கட்டி நீள வரிசையைத் தவிர்க்கும் ஏற்பாடு. டிஸ்னி ஹோட்டலில் இருப்பவர்கள் செக்-இன் தேதிக்கு 7 நாள் முன்பே, தங்கும் நாள் முழுவதற்கும் அதை வாங்கிவிடலாம். வெளி ஹோட்டலில் இருப்பவர்களுக்கு 3 நாள் முன்புதான் கிடைக்கும்.

பலர் டிஸ்னிக்கு வெளியே, வாடகை குறைவான கிஸ்ஸிமி என்ற ஊர்ப் பக்கம் முதல் மூன்று இரவும், டிஸ்னி ஹோட்டலில் கடைசி மூன்று இரவும் பதிவு செய்கிறார்கள். ஆனால் குழந்தைகள் ஆசைப்படும் பார்க்கை முதல் இரண்டு நாளிலேயே வைத்துவிடுகிறார்கள். அந்த நாள்களில் நீங்கள் வெளி ஆள். அரை மணி முன் நுழைவு கிடையாது. டிஸ்னியின் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பார்க்கில் உள்ள ஸ்லிங்கி டாக் டேஷ் போன்ற சவாரிகளுக்கான லைட்னிங் லேன் இடங்களில், 7 நாள் முன்பே வாங்கியவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் உங்களுக்கு. கூட்டம் அதிகமுள்ள பார்க்குகளை டிஸ்னி ஹோட்டலில் இருக்கும் நாள்களுக்குத் தள்ளுங்கள். அப்படித் தள்ள முடியாது என்றால் மாறுவதற்கான முக்கியக் காரணமே போய்விடுகிறது.

டிஸ்னிக்குள்ளேயே ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்களும் உண்டு. அது பல நேரம் புத்திசாலித்தனமான மாற்றம். கன்டெம்பரரி, பாலினேசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் மூன்றும் மேஜிக் கிங்டத்தோடு மோனோரயிலில் இணைந்தவை. கன்டெம்பரரியிலிருந்து நடந்தே பத்து நிமிடத்தில் போய்விடலாம். டிஸ்னியின் இன்னொரு பார்க்கான எப்காட் பக்கம் பீச் கிளப், போர்டுவாக் ஹோட்டல்களிலிருந்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் நடக்கலாம். பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச் மூன்றுக்கும் 2019-இல் வந்த ஸ்கைலைனர் என்ற தொங்கு கேபிள் வண்டி உண்டு. மதியம் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு மாலை திரும்பி வருவது உங்கள் வழக்கமென்றால், பார்க்குக்கு ஏற்றபடி ஹோட்டலை மாற்றுவது உண்மையிலேயே பலன் தரும். காலையில் போனால் இரவுதான் திரும்புவோம் என்பவர்களுக்கு அந்தப் பக்கத்து வசதிக்குக் கொடுக்கும் கூடுதல் வாடகை வீண்.

யுனிவர்சலில் ஒரு இரவு: எல்லோருக்கும் லாபமா?

மாறுவதற்கு இருப்பதிலேயே வலுவான காரணம் இதுதான். போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் தங்கினால் அறையில் உள்ள எல்லோருக்கும், சவாரிகளில் நீள வரிசையைத் தவிர்க்கும் எக்ஸ்பிரஸ் அன்லிமிடட் பாஸ் இலவசம். வந்த நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும் சேர்த்தே செல்லும். ஒரே ஒரு இரவு தங்கினால் இரண்டு நாள் பாஸ். கூட்ட நாள்களில் இதைத் தனியாக வாங்கினால் ஒருவருக்கு, ஒரு நாளைக்கே 100 டாலருக்கு மேல் ஆகும். நான்கு பேருக்கு இரண்டு நாள் என்று பெருக்கிப் பார்த்தால் அறை வாடகையை விடப் பாஸின் மதிப்பு அதிகமாகிவிடும். காலையிலேயே ஹோட்டலில் பதிவு செய்து, பெட்டியைக் கொடுத்துவிட்டு, பாஸை வாங்கிக்கொண்டு பார்க்குக்குப் போகலாம். அறைக்காக 4 மணி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. கபானா பே, அவென்ச்சுரா, சஃபையர் ஃபால்ஸ் போன்ற மற்ற யுனிவர்சல் ஹோட்டல்களுக்கு இந்த இலவசப் பாஸ் கிடையாது. பெயர் தெரியாமல் "யுனிவர்சல் ஹோட்டல்தானே" என்று பதிவு செய்து ஏமாறுகிறவர்கள் நிறைய. இந்தப் பாஸ் யுனிவர்சல் ஸ்டுடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர் இரண்டுக்கு மட்டும்தான். எபிக் யுனிவர்ஸுக்கும் வால்கனோ பே நீர்ப் பூங்காவுக்கும் செல்லாது. எபிக்குக்காகவே போகிறவர்கள் இதற்காக ஹோட்டல் மாற்றுவதில் பொருளே இல்லை. பார்க் டிக்கெட் தனி என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் உயரம். யுனிவர்சலின் பெரிய சவாரிகளில் வெலோசிகோஸ்டருக்கு 51 அங்குலம், ஹல்க்குக்கு 54, ஹாரி பாட்டர் ஃபர்பிடன் ஜர்னிக்கு 48 அங்குலம் வேண்டும். 42 அங்குலக் குழந்தைக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் இருந்தும் இவற்றில் ஏற முடியாது. கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்து பாருங்கள். அளவு எட்டவில்லை என்றால், அந்த ஒரு இரவுக்கான பணத்தை வேறு எதற்காவது செலவிடலாம்.

வீட்டுப் பெரியவர்களை மறந்துவிடுவது

அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் சமயமாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் ஆர்லாண்டோ போகிறார்கள். அப்போது ஆறு பேர். டிஸ்னியின் சிக்கன ஹோட்டல்களில் சாதாரண அறை நான்கு பேருக்கானது. ஆறு பேர் ஒரே கூரைக்குள் இருக்க ஆர்ட் ஆஃப் அனிமேஷனின் குடும்ப அறைத்தொகுதி பொருந்தும். இரண்டு குளியலறை உண்டு. முதல் பாதியில் அப்படி இருந்துவிட்டு, இரண்டாம் பாதியில் இரண்டு தனி அறைகளுக்கு மாறும்போது, பாட்டியின் அறை வேறு தளத்தில் போய்விட்டால் எல்லோருக்கும் அவதி. அடுத்தடுத்த அறை கிடைக்குமா என்று முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். கரீபியன் பீச்சில் கட்டடங்கள் இரண்டு மாடிதான், லிஃப்ட் கிடையாது. போர்ட் ஆர்லியன்ஸ் ரிவர்சைடின் அலிகேட்டர் பேயூ பகுதியும் அப்படியே. முழங்கால் வலி உள்ளவருக்குத் தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டு விஷயமும் சின்னதில்லை. தினமும் ஒரு வேளையாவது தயிர் சோறு வேண்டும் என்கிற பெரியவருக்குச் சமையலறை உள்ள கிஸ்ஸிமி வில்லாவே சுகம். அங்கிருந்து அவர்களைக் கிளப்பிக்கொண்டு போய் மைக்ரோவேவ்கூட இல்லாத அறையில் உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் வாய்விட்டுக் குறை சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

கோபத்தில் மாறுவது

இதுவரை சொன்னது முன்கூட்டியே திட்டமிடும் மாற்றம். போன இடத்தில் அறை பிடிக்காமல் இரண்டாம் நாளே வேறு ஹோட்டல் தேடுவது வேறு கதை. இங்கே நடக்கும் பெரிய தவறு, புதிய ஹோட்டலுக்குப் பணம் கட்டிய பிறகு பழைய ஹோட்டலில் போய் மீதிப் பணத்தைக் கேட்பது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் ரிசப்ஷனில் அதே ஹோட்டலுக்குள் வேறு அறை கேளுங்கள். ஏசி சத்தம், புகை வாடை, லிஃப்ட் பக்கத்து இரைச்சல் எல்லாம் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் படம் எடுத்து வைத்துக்கொண்டு மேனேஜரிடம் பேசுங்கள். மீதி இரவுகளுக்குப் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். இடைத்தரகு இணையதளம் வழியாகப் பதிவு செய்திருந்தால், ஹோட்டல் சம்மதித்தாலும் பணம் அந்த இணையதளம் வழியாகத்தான் வர வேண்டியிருக்கும். அவர்களையும் அப்போதே அழையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் புதிய பதிவு.

அதற்கும் முன்னால் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. உண்மையிலேயே ஹோட்டல்தான் பிரச்சினையா? புளோரிடாவின் ஜூலை வெயில் 33 டிகிரியைத் தொடும், பிற்பகலில் இடி மழை வரும். காலை 8 மணிக்குக் கிளம்பி, இரவு வாணவேடிக்கை முடிந்து 11 மணிக்குத் திரும்பும் குழந்தை எந்த அறையிலும் அழத்தான் செய்யும். அதற்கு மருந்து மறுநாள் தாமதமாகக் கிளம்புவது. ஹோட்டலை மாற்றினால் புது இடத்தில் இன்னும் ஒரு இரவு தூக்கம் கெடும்.

பில்லில் ஒளிந்திருப்பவை

ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் அறை வாடகைக்கு 12.5 சதவீதம் வரி. டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் ரிசார்ட் கட்டணம், அதாவது வாடகைக்கு மேல் கட்டாயமாக வசூலிக்கும் கட்டணம், கிடையாது. 2023 ஜனவரி முதல் தங்குவோருக்கு இரவு நேர வாகன நிறுத்தமும் இலவசம், பார்க் வாசலில் நிறுத்துவது அதற்கு முன்பிருந்தே இலவசம். டிஸ்னி நிலத்திலேயே இருந்தாலும் ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்களில் ரிசார்ட் கட்டணமும் வாகன நிறுத்தக் கட்டணமும் உண்டு. யுனிவர்சல் ஹோட்டல்களிலும் வாகனத்துக்குத் தனிக் கட்டணம். 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்துவிட்டது. ஆனாலும் வாகன நிறுத்தம் விருப்பச் செலவு என்ற கணக்கில் தனியாகவே நிற்கும். வெளி ஹோட்டலிலிருந்து போனால் பார்க்கில் வண்டி நிறுத்த நாளுக்கு 30 டாலருக்குக் குறையாது. அதையும் கூட்டிப் பாருங்கள்.

இரண்டு ஹோட்டல் என்றால் இரண்டு ரத்து விதிகள். டிஸ்னியில் அறை மட்டும் பதிவு செய்தால் 5 நாள் முன்பு வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம். டிக்கெட்டோடு சேர்ந்த பேக்கேஜுக்கு அது 30 நாள். இரண்டு தேதிகளையும் போனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.

பெட்டிகளைப் பொறுத்தவரை, டிஸ்னியின் ஒரு ஹோட்டலிலிருந்து இன்னொரு டிஸ்னி ஹோட்டலுக்கு அவர்களே கட்டணமின்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். காலையில் சொல்லிவிட்டுப் பார்க்குக்குப் போகலாம், ஆனால் பெட்டி பிற்பகலில்தான் வரும். மருந்து, பாஸ்போர்ட், குழந்தையின் மாற்று உடை கைப்பையில் இருக்கட்டும். டிஸ்னியிலிருந்து யுனிவர்சலுக்கு அந்த ஏற்பாடு கிடையாது, நீங்களே சுமக்க வேண்டும். சொந்த வண்டி இல்லாமல் ஊபர் பிடிக்கிறவர்கள், புளோரிடா சட்டப்படி 5 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கார் சீட்டோ பூஸ்டரோ தேவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், குழந்தைகள் எல்லோரும் 6 வயதுக்குள் என்றால் ஒரே ஹோட்டல் போதும். 48 அங்குலத்தைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தால், டிஸ்னி நாள்களை முதலில் முடித்துவிட்டு, அந்த மூன்று யுனிவர்சல் ஹோட்டல்களில் ஒன்றில் கடைசி இரவைப் போடுங்கள். அறையைக் காலி செய்த பிறகும் எக்ஸ்பிரஸ் பாஸ் அன்று பார்க் மூடும் வரை செல்லும், பெட்டிகளை ஹோட்டலிலேயே விட்டுவைக்கலாம். விமானத்தை மட்டும் இரவு வெகுநேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ பார்த்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் என்றால் விமான நிலையம் பக்கம் ஒரு எளிய அறை எடுத்துக்கொண்டால் ஆயிற்று.