பந்து எழும்பவில்லையா? ஹைபிரிட் பாணி அயர்ன்களைத் தேர்ந்தெடுத்துப் பழகும் முறை

கோல்ஃப் பழகத் தொடங்கியவர்களில் பலருக்கும் 5 அயர்ன் என்றாலே கை நடுங்கும். (அயர்ன் என்பது தட்டையான உலோகத் தலை கொண்ட கிளப்; எண் குறையக் குறையப் பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும்.) 9 அயர்னில் ஓரளவு உயரும் பந்து, 5 அயர்னில் தரையோடு தரையாக ஓடிவிடும். உடனே "எனக்கு வலு போதாது" என்று முடிவு கட்டி, இன்னும் வேகமாக வீசுவார்கள். அப்போது பந்து இன்னும் தாழ்வாகப் போகும். குறை எப்போதும் ஆட்டக்காரரிடம்தான் என்று எண்ணுவது நியாயமில்லை. குறைந்த லாஃப்ட் (கிளப் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்), மெல்லிய அடிப்பாகம், கனமான எஃகு ஷாஃப்ட் (தண்டு) ஆகிய மூன்றும் சேர்ந்த கிளப், மெதுவாக வீசுபவருக்காக வடிவமைக்கப்பட்டதே அல்ல.

மெதுவாக வீசுபவர்களுக்கென்றே வந்தவைதான் ஹைபிரிட் பாணி அயர்ன்கள். ஹைபிரிட் என்பது அயர்னும், பருத்த தலை கொண்ட வுட்டும் கலந்த கிளப். கிளீவ்லாண்ட் நிறுவனத்தின் லாஞ்சர் ஹெச்பி டர்போ, வில்சனின் லாஞ்ச் பேட், கோப்ராவின் டி-ரெயில், டூர் எட்ஜின் அயர்ன்-வுட் ஆகியவை இந்த வகையில் நன்கு அறியப்பட்டவை. இவற்றில் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி அடிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம். வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இடக்கையினர் திசைகளை மாற்றிக்கொள்ளவும்.

படி 1: பந்து ஏன் தாழ்ந்து போகிறது என்று கண்டுபிடியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்புறத்தில் பெரிய புள்ளி ஒன்று வையுங்கள். அந்தப் புள்ளி கிளப்பின் முகத்தைப் பார்க்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். முகத்தில் மை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் துடையுங்கள். அவசரப்படாமல் பத்துப் பந்துகளாவது இப்படி அடியுங்கள்.

மை பெரும்பாலும் முகத்தின் நடுவிலோ, நடுவுக்குச் சற்றுக் கீழோ இருந்து, அப்படியும் பந்து எழும்பவில்லை என்றால், உங்களுக்குத் தேவை வேறு கிளப்தான். இந்தக் கட்டுரை முழுக்க முழுக்க உங்களுக்கானது.

மை முகத்தின் அடிவிளிம்பில் இருந்தாலோ, முகத்தில் மையே இல்லாமல் பந்தின் மண்டையில் அடி விழுந்திருந்தாலோ, நிலைமை வேறு. பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் உடல் எடையைப் பின்காலிலேயே வைத்து மணிக்கட்டை முன்னால் உதறுகிறீர்கள் என்று பொருள். புதிய கிளப் இந்தக் குறையின் விளைவைக் கொஞ்சம் தணிக்கும், தீர்க்காது. நேராக ஐந்தாம் படிக்குப் போய், அங்குள்ள பயிற்சியைச் சில வாரம் செய்துவிட்டுப் பிறகு வாங்க வாருங்கள்.

படி 2: கிளப் தலைக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அப்படியானால் தரையில் கிடக்கும் பந்தின் மையம், தரையிலிருந்து ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கிளப் தலையின் எடைமையம் அதைவிட மேலே இருந்தால், தொடும் இடம் எடைமையத்துக்குக் கீழே விழும். தலை முன்பக்கமாகச் சற்றே கவிழும். பந்து தாழ்வாகவும் வலுவிழந்தும் புறப்படும். எடைமையத்தை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவுக்கு, முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்ட பந்தும் பிழைத்துக்கொள்ளும்.

எடையைத் தலையின் ஓரங்களுக்குத் தள்ளும் எண்ணம் புதிதல்ல. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், பிங் நிறுவனத்தைத் தொடங்கி அந்த எண்ணத்தை அயர்ன்களுக்குள் கொண்டுவந்தார். நடுவில் பட்டாலும் சற்று விலகிப் பட்டாலும் தலை அதிகம் திரும்பாது என்பது அதன் பயன். ஹைபிரிட் பாணி அயர்ன் அதிலிருந்து இன்னும் ஒரு படி முன்னே போகிறது. தலையின் உட்புறம் கூடு. முகம் மெல்லிய தகடு. மிஞ்சிய எடையெல்லாம் அகலமான அடிப்பாகத்தில், அதுவும் பின்பக்கமாக. கிளீவ்லாண்ட் நிறுவனம் தலையின் மேற்பகுதியைப் பள்ளமாக இறக்கி, அங்கே மிச்சமாகும் எடையையும் கீழே கொண்டுபோகிறது.

எடை பின்னால் இருப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு, அதை விற்பனையாளர்கள் அதிகம் சொல்வதில்லை. வீச்சின் கடைசிக் கணத்தில் எடைமையம் ஷாஃப்டின் கோட்டுக்கு நேராக வர முயலும். அப்போது ஷாஃப்ட் முன்பக்கமாக வளைய, முகம் சற்று வானத்தைப் பார்க்கும். அதாவது, கிளப்பில் பொறித்த லாஃப்டைவிடப் பந்தைத் தொடும் நேரத்து லாஃப்ட் கூடுகிறது. இந்த உதவிதான் மெதுவாக வீசுபவர்களுக்கு வரம்.

அகன்ற அடிப்பாகம் செய்வது வேறு வேலை. பந்துக்கு முன்பே தரையில் மோதிவிட்டால், மெல்லிய அயர்ன் மண்ணுக்குள் புதைந்து நின்றுவிடும். அகலமான அடிப்பாகம் மண்ணைத் தோண்டாமல் வழுக்கிக்கொண்டு பந்தை வந்தடையும். லாஞ்ச் பேட் வரிசை குறிவைப்பது பெரும்பாலும் இந்தத் தவறைத்தான்.

முகத்தின் முன்விளிம்பு ஷாஃப்டுக்குச் சற்றுப் பின்தங்கி இருப்பதையும் கவனிப்பீர்கள். முகம் நேராகத் திரும்புவதற்கு அது சிறிது கூடுதல் நேரம் தருகிறது. வலப்பக்கம் வளைந்து போகும் பந்து குறைகிறது. ஏற்கெனவே உங்கள் பந்து இடப்பக்கம் வளைகிறது என்றால் இதே அமைப்பு தொல்லையாகும், எச்சரிக்கையாக இருங்கள்.

படி 3: எண்ணை நம்பாதீர்கள், லாஃப்டைக் கேளுங்கள்

சில பத்தாண்டுகளுக்கு முன் 7 அயர்னின் லாஃப்ட் 35 டிகிரி அளவில் இருந்தது. இன்று புதியவர்களுக்கென விற்கும் பல 7 அயர்ன்கள் 28 முதல் 30 டிகிரி வரைதான். எடைமையம் கீழே இருப்பதால் லாஃப்டைக் குறைத்தாலும் பந்து எழும்பும் என்பது நிறுவனங்களின் வாதம். ஓரளவு உண்மைதான். ஆனால், கடையில் "உங்கள் பழைய கிளப்பைவிட 15 கெஜம் கூடுதல்" என்று காட்டும்போது, அந்தக் கூடுதலில் பெரும்பங்கு, 6 அயர்னின் லாஃப்ட் மீது 7 என்று எழுதியதால் வந்தது என்பதை மறக்கக் கூடாது.

எனவே ஒப்பிடும்போது எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே லாஃப்ட் உள்ள இரண்டு கிளப்களை எடுங்கள். பிட்சிங் வெட்ஜின் (9 அயர்னுக்கு அடுத்து வரும் குறுந்தூரக் கிளப்) லாஃப்டையும் மறக்காமல் கேளுங்கள். 43 டிகிரி என்றால், அது உங்களுக்கு ஆறாம் படியில் வேலை வைக்கும்.

ஷாஃப்ட் பற்றிச் சுருக்கமாக: எஃகு ஷாஃப்ட் பொதுவாக 95 கிராமுக்கு மேல், கிராஃபைட் 50 முதல் 80 கிராம் வரை கிடைக்கும். 7 அயர்னில் மணிக்கு 70 மைலுக்கும் குறைவான வேகத்தில் வீசுபவர் கிராஃபைட்டை முதலில் முயலட்டும். அது மூத்தவர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

படி 4: தூரத்தை அல்ல, இறங்கும் விதத்தை அளந்து பாருங்கள்

நான் வலியுறுத்த விரும்புவது இந்தப் படியைத்தான். அயர்ன் என்பது பந்தை ஓர் இடத்தில் நிறுத்துவதற்கான கருவி. கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) விழுந்த பந்து நிற்குமா, உருண்டு பின்னால் போய்விடுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அது எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பது. தூரத்தைப் பார்த்து வாங்கிய அயர்ன் பயிற்சித் திடலில் மகிழ்ச்சி தரும், மைதானத்தில் ஏமாற்றும்.

பந்தின் பறப்பை அளக்கும் கருவிகளைச் செய்யும் டிராக்மேன் நிறுவனம் வெளியிட்டு நெடுநாளாகப் புழங்கிவரும் சராசரிகளைப் பாருங்கள். அமெரிக்க ஆடவர் தொழில்முறைத் தொடரில் 7 அயர்ன் பந்து 16.3 டிகிரியில் புறப்பட்டு, 32 கெஜம் உயர்ந்து, 50 டிகிரியில் இறங்கி, 172 கெஜம் பறக்கிறது. மகளிர் தொடரில் 19 டிகிரியில் புறப்பட்டு, 26 கெஜம் உயர்ந்து, 47 டிகிரியில் இறங்கி, 141 கெஜம் பறக்கிறது. ஆடவரின் வீச்சு வேகம் மணிக்கு 90 மைல், மகளிருடையது 76. வேகம் குறைந்தவர்கள் அதிகக் கோணத்தில் பந்தை ஏவித்தான் ஏறத்தாழ அதே செங்குத்தில் இறக்குகிறார்கள். உங்கள் வேகம் அதைவிடவும் குறைவு என்றால், உங்கள் பந்து 19 டிகிரிக்கும் மேலே புறப்பட வேண்டும். தொலைக்காட்சியில் பார்க்கும் தாழ்ந்த, சீறிப் பாயும் புறப்பாட்டைப் பின்பற்ற முயல்வது உங்களுக்குக் கேடு.

சோதனை செய்யும் முறை: உடல் சூடேறும்வரை வெட்ஜால் அடியுங்கள். பிறகு உங்கள் 7 அயர்னையும் புதியதையும் மாற்றி மாற்றி, ஐந்தைந்து பந்துகளாக அடியுங்கள். ஒரே கிளப்பைத் தொடர்ந்து அடித்தால் களைப்பு கணக்கைக் குழப்பிவிடும். அளவுக் கருவி இருந்தால் புறப்படும் கோணம், உச்ச உயரம், இறங்கும் கோணம், காற்றில் பறந்த தூரம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். மிகச் சிறந்த அடியைப் பார்க்காமல், சுமாரான அடிகள் எப்படிப் போயின என்று பாருங்கள். 45 டிகிரிக்கு மேல் இறங்கினால் நல்லது. 40க்குக் கீழே இருந்தால், எவ்வளவு தூரம் போனாலும் அந்த 7 அயர்ன் வேண்டாம்.

செயற்கைப் புல் விரிப்பில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அகன்ற அடிப்பாகம் விரிப்பின் மீது அழகாக வழுக்கிக்கொண்டு போய், பந்துக்குப் பின்னால் அடித்ததையே மறைத்துவிடும். அதேபோல, ஊட்டி போன்ற உயரமான இடத்தில் அடித்துப் பார்த்த கணக்கைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டாம். மெல்லிய காற்றில் பந்து அதிக தூரம் போகும்; ஆனால் தூக்கிப் பிடிக்கும் விசையும் குறைவதால், தட்டையாகவே பறக்கும்.

பழைய கிளப் வாங்குவதில் தவறில்லை. சில ஆண்டுகள் பழைய மாதிரிகளும் இதே வேலையைச் செய்யும். தலையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருள்கிற ஓசை கேட்டால், கழன்ற பசைத் துண்டாகவும் இருக்கலாம், உடைப்பாகவும் இருக்கலாம், வேறொன்றைக் கேளுங்கள்.

படி 5: அடிக்கும் முறை

தோற்றம் ஹைபிரிட் போல இருந்தாலும் பந்தைப் பெருக்கித் தள்ள வேண்டியதில்லை. அயர்ன் போலவே கீழ்நோக்கி வந்து அடியுங்கள், ஆனால் தோண்டாதீர்கள்.

7 அயர்னுக்குப் பந்து, இரு பாதங்களின் நடுவிலிருந்து அரைப் பந்து அளவு இடப்பக்கம் இருக்கட்டும். 5 அயர்னுக்கு இன்னும் ஒரு பந்து அளவு இடப்பக்கம். கைகள் பந்துக்கு நேராகவோ சற்றே முன்னாலோ இருந்தால் போதும். கைகளை மிகவும் முன்னால் தள்ளினால் லாஃப்ட் குறையும். எந்த உதவிக்காக இந்தக் கிளப்பை வாங்கினீர்களோ அதை நீங்களே பறித்துவிடுவீர்கள்.

பயிற்சி எளிது. புல்லில் பவுடரால் ஒரு நேர்கோடு போடுங்கள். பந்தே இல்லாமல், கோட்டை இரு பாதங்களுக்கு நடுவில் வைத்து வீசுங்கள். கிளப் புல்லை உரசத் தொடங்கும் இடம் கோட்டின் மீதோ, கோட்டுக்கு இடப்பக்கமோ இருக்க வேண்டும். வலப்பக்கம் உரசினால் எடை பின்காலில் தங்கியிருக்கிறது. வீசி முடித்ததும் வலப் பாதத்தின் நுனி மட்டும் தரையில் இருக்க, இடக்காலில் நிலையாக நிற்க முடிகிறதா என்று பாருங்கள். கோட்டுப் பயிற்சி சீரானபின் பந்தை வையுங்கள். முதலில் முக்கால் வீச்சு, வேகம் பிறகு.

பந்தைத் தூக்கும் எண்ணம் மட்டும் கூடாது. தூக்க முயலும்போது கிளப்பின் முன்விளிம்பு மேலேறிப் பந்தின் நடுவில் மோதும். அகன்ற அடிப்பாகம் எவ்வளவு இருந்தாலும் அங்கே பயன்படாது.

படி 6: பையை நிரப்புதல்

விதிப்படி 14 கிளப்கள் வரை எடுத்துப் போகலாம். புதியவருக்கு அத்தனையும் தேவையில்லை. நீண்ட அயர்ன்களில் மட்டும் சிக்கல் உள்ளவர், 4 முதல் 6 வரை ஹைபிரிட் பாணியில் வாங்கி, 7க்குமேல் சாதாரண குழிவான முதுகு கொண்ட அயர்ன்களை வைத்துக்கொள்ளலாம். எல்லா அயர்னிலும் பந்து தாழ்வாகப் போகிறவருக்கு முழுத் தொகுப்பே சரி.

வெட்ஜ்களில்தான் நான் கண்டிப்பாக இருப்பேன். இறுகிய, புல் குறைந்த தரையில் மிக அகலமான அடிப்பாகம் தரையில் பட்டுத் துள்ளிப் பந்தின் நடுவில் மோதும். கிரீன் ஓரத்துச் சிறு அடிகளுக்கு இது பெரிய இடைஞ்சல். சாண்ட் வெட்ஜை (மணற்குழிக்கும் சிறு அடிகளுக்குமான, லாஃப்ட் அதிகமுள்ள கிளப்) தொகுப்போடு வாங்காமல், சாதாரண வடிவத்தில் தனியாக வாங்குங்கள். உங்கள் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி என்றால், 48 அல்லது 49 டிகிரியில் ஒன்றும் 54 டிகிரியில் ஒன்றும் வேண்டும். இல்லையென்றால், முழுவீச்சில் பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் இடையில் 25 கெஜத்துக்கு மேல் வெற்றிடம் விழும். அந்தத் தூரத்தில் கிடக்கும் பந்துக்கு உங்கள் பையில் கிளப்பே இருக்காது.